சாக்ஸுக்குள் வந்த செர்ரி பீர்

நார்பர்ட் சாஸ்ட்ரோவின் மூக்குக்கு எங்கள் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. பால் வண்டி ஓட்டுகிறவன். விஸ்கான்சினில் அது சும்மா குழாயைச் சொருகிப் பாலை உறிஞ்சிக்கொண்டு போகிற வேலை இல்லை. பண்ணைக்குப் பண்ணை இறங்கி, குளிர்தொட்டியின் மூடியைத் திறந்து, தலையைக் கவிழ்த்து ஒரு மூச்சு இழுத்துப் பார்க்க வேண்டும். மாடு காட்டுப்பூண்டு மேய்ந்திருந்தாலும், கறந்த பாத்திரம் சரியாகக் கழுவாமல் இருந்தாலும் அந்த மூக்குக்குத் தப்பாது. இன்றைக்கு எடுக்க முடியாது என்று அவன் மூடியைச் சாத்திவிட்டால் அத்தனை பாலும் சாக்கடைக்குத்தான். ஆனால் அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்வான். பண்ணைக்காரன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் அவள் காதில் விழாதபடி தள்ளி அழைத்துப் போய்ச் சொல்வான். அவனால் பாலைக் கொட்டியவர்கள் உண்டு. மனம் புண்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

இந்த நாகரிகமெல்லாம் பால் வண்டியோடு சரி. பீர் என்று வந்துவிட்டால் ஆள் வேறு.

வீட்டு நிலவறையில் பெரிய கொப்பரை வைத்துக் கறுப்பும் கசப்புமாக பீர் காய்ச்சுவான். நன்றாகவே காய்ச்சுவான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதனால்தான் தலைக்கனம். மாதம் ஒரு ஞாயிறு, டெல்மர் ஹூபரின் டிராக்டர் பட்டறையில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் கூடுவார்கள். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருவார்கள். யாருடையது என்று தெரிந்துவிட்டால் முகதாட்சண்யம் வந்துவிடும் என்பதற்காகப் பாட்டிலை ஒரு பழைய சாக்ஸுக்குள் நுழைத்து, வாயைக் கட்டி மேஜையில் வைத்துவிட வேண்டும். ருசி பார்த்துச் சொல்லும் பொறுப்பு நார்பர்ட்டுக்கு. சொல்லி முடித்ததும், "இது யாரோடது?" என்று கேட்பான். உரியவன் கை தூக்க வேண்டும். கை தூக்கியவனிடம் தண்ணீரிலிருந்து, நுரைக்காகப் பாட்டில் அடைக்கும்போது போடும் கடைசிச் சர்க்கரை வரை டெல்மர் துருவித் துருவிக் கேட்டு, தப்பு எங்கே நடந்தது என்று சபையிலேயே கண்டுபிடித்துவிடுவான். அதுதான் வழக்கம்.

நார்பர்ட் தப்பைச் சொல்வதோடு நிறுத்த மாட்டான். ஆள் சிரிக்கும்வரை சொல்வான். லைல் என்று ஒரு தபால்காரன், எதற்கெடுத்தாலும் தொடையைத் தட்டிச் சிரிக்கிற பிறவி. அவன் சிரித்தால் நார்பர்ட்டுக்கு இன்னும் நாலு வார்த்தை வரும். பழம் போட்ட பீர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான்.

நார்பர்ட்டின் மனைவி ஆர்டிஸ் பீர் குடிக்க மாட்டாள். கல்யாணமான புதிதில் அவன் காய்ச்சியதை ஒரு வாய் வாங்கிப் பார்த்து, முகம் சுளித்துக் கீழே வைத்தவள்தான். அப்புறம் அவன் பீரும் அவள் காபியுமாகவே குடும்பம் ஓடியது. ஊரில் நாலு பேர் எதிரில் அதைச் சொல்லிக் கேலி செய்வான். அவளும் சிரித்துக்கொள்வாள். சர்ச்சில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடிப் போர்வை தைப்பார்கள். அந்த வருஷம் வசந்தத்திலிருந்து தானும் அங்கே போவதாக அவள் சொன்னாள். போகட்டும் என்றான்.

அக்டோபர் கூட்டத்துக்குப் பெண்களும் வருவது உண்டு. அன்றைக்கு ஆர்டிஸ் ஒரு பானை நிறைய மிளகாய்க்கறியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்து, பட்டறையின் பின்பக்கம் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் கடைசியாக ஒரு சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ், மேல் விளிம்பில் சிவப்புப் பட்டை. டெல்மர் மூடியை நெம்பினான். அவ்வளவுதான். சிவப்பு நுரை பீறிட்டு எழும்பி, சாக்ஸை நனைத்து, மேஜையை நனைத்து, நார்பர்ட்டின் சட்டைக் கையையும் நனைத்தது.

"பீர் கேட்டா தீயணைப்பு வண்டிய அனுப்பியிருக்காங்கப்பா!" என்றான் நார்பர்ட். லைல் தொடையைத் தட்டினான். "எவனோ சர்க்கரைய ரெண்டு மடங்கு அள்ளிக் கொட்டியிருக்கான். எண்ணத் தெரியாதவன் எதுக்குடா பாட்டில் அடைக்கணும்?"

மிச்சம் இருந்ததை டம்ளரில் ஊற்றி முகர்ந்தான்.

"இருமல் மருந்து. ஆனா இருமல் போகாது."

ஒரு வாய் குடித்தான்.

"பீர் இல்ல இது. தண்ணி ஒரு தடவ செர்ரி மரத்தடியில காலாற நடந்துட்டு வந்திருக்கு, அவ்வளவுதான். இதக் காய்ச்சினவன் பீர் குடிக்கிறவன் இல்லப்பா, பீர் குடிக்கிறவனக் கட்டிக்கிட்டவளா இருக்கும்!"

பட்டறையே அதிர்ந்தது. டெல்மர் மட்டும் அடுப்புக்கு விறகு தள்ளுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

"தூக்கிக் கொட்டாதீங்க, பாவம். பன்னிக்கறி சாசேஜ், பிராட் இருக்கே, அத இதுல வேக வெக்கலாம். ஆனா அதுக்கும் மொதல்ல பிராட்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கணும்!" லைலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சரி, யாரோடது இது?"

ஒரு கையும் எழும்பவில்லை.

"பாத்தியா! அப்பன் பேர் தெரியாத புள்ள! பெத்தவனே சொந்தம் கொண்டாட மாட்டேங்கிறான்!"

"போதும் நார்ப்," என்றான் டெல்மர். "சாப்பாடு ஆறுது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே நார்பர்ட் மறுபடி சிரித்தான். "பிராட்கிட்ட கேட்டுக்கணும்னேனே, கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் ஆர்டிஸ்.

நவம்பரில் மான் வேட்டைக் காலம் தொடங்கியது. தொடங்குகிற சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை எவனும் வீட்டில் இருக்க மாட்டான். ஆர்டிஸ் எழுந்துவிடக் கூடாதே என்று நார்பர்ட் விளக்குப் போடாமல், கைக்கு அகப்பட்ட கம்பளி சாக்ஸ் ஜோடியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மச்சினன் காட்டில் ஓக் மரத்தின் மேல் அவனுக்கு ஒரு பரண் உண்டு. ஏறி உட்கார்ந்தான். விடிந்தது. கால் விறைத்தது. சூடு தரும் பொட்டலத்தை உள்ளே வைக்கலாம் என்று ஒரு பூட்ஸைக் கழற்றினான்.

சாக்ஸில் கறை. வெளிறிய சிவப்பாக, விரல்களிலிருந்து குதிகால்வரை பரவியிருந்தது. போன வருஷத்து மான் ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் மூக்கு சும்மா இருக்குமா? காலைத் தூக்கி மடிமேல் போட்டு, குனிந்து ஒரு மூச்சு இழுத்தான். சலவை சோப். அதற்கு அடியில், நாலு தடவை துவைத்தும் போகாமல், செர்ரி.

சாம்பல் நிறம். மேலே சிவப்புப் பட்டை.

பரண்மேல் அறுபதை நெருங்கும் ஓர் ஆண்பிள்ளை, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் கறைபட்ட சாக்ஸுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த வீட்டில் அவனும் ஆர்டிஸும் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? தன் சாக்ஸைத் தானே அடையாளம் கண்டுகொள்ளாமல், மேஜையில் வைத்து அவள் மானத்தை வாங்கியிருக்கிறான். சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. இருமல் மருந்து. எண்ணத் தெரியாதவன். கட்டிக்கிட்டவளா இருக்கும். அப்பன் பேர் தெரியாத புள்ள. அவள் பின்னால் நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றின கை நின்றதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் திரும்பிப் பார்த்தால்தானே? லைலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது போதாதென்று வண்டியில் வேறு, கேட்டியா என்று கேட்டு ரசித்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போகும், இவன் வாய் கெடுத்தது பெண்டாட்டியை அல்லவா.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அந்தக் குளிரிலும் காது மடல் எரிந்தது. கொம்பு விரிந்த கலைமான் ஒன்று பரணுக்கு நேர் கீழே வந்து நின்று, இலையைக் கிளறிவிட்டு, நிதானமாகப் போயிற்று. துப்பாக்கி மடியிலேயே கிடந்தது.

மத்தியானம் டெல்மரின் பட்டறைக்குப் போனான். காலை வேட்டை முடித்துத் திரும்பியிருந்த டெல்மர் ஒரு டிராக்டருக்கு அடியில் கிடந்தான்.

"அந்த செர்ரி பீர் யாரோடதுடா?"

"எந்த செர்ரி பீர்?"

"டெல்மர். சாக்ஸ் என்னோடது."

டெல்மர் வெளியே வந்து, ஸ்பேனரைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்தான். துடைக்கத் தேவையே இல்லாத அளவுக்குத் துடைத்தான்.

"உன் அறுபதாவது பொறந்த நாளுக்குடா," என்றான். "செவ்வாக்கிழம செவ்வாக்கிழம இங்கதான் வந்தா. என் சின்னப் பானையில கத்துக் குடுத்தேன்."

சர்ச்சுக்குப் போகிறாள், போர்வை தைக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். இத்தனை மாதத்தில் ஒரு போர்வைகூட வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று அவனும் கேட்டதில்லை.

"மொதல்ல என்னயே காய்ச்சிக் குடுக்கச் சொன்னா. 'அவன் ஒண்ணு குடிக்கிறான், நான் ஒண்ணு குடிக்கிறேன், இப்படியே வயசாயிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே பாட்டில்ல குடிக்கிற மாதிரி, கசப்பில்லாம, லேசா ஒண்ணு வேணும்'னா. நீயே செய்யின்னு நான்தான் சொன்னேன். டோர் கவுண்டி தோட்டத்துக்குப் போயி செர்ரிய அவளே பறிச்சா. கொட்டைய அவளே எடுத்தா."

"அப்புறம் எதுக்குடா அத சபைக்குக் கொண்டு வரணும்?"

"பொண்டாட்டின்னு தெரிஞ்சா நீ நல்ல வார்த்த சொல்லித்தான ஆகணும்? அது வேணாமாம். தெரியாம நீ சொல்ற ஒரு நல்ல வார்த்த வேணுமாம். என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இல்லேன்னா அன்னைக்கே உன் வாயில அந்தச் சாக்ஸத் திணிச்சிருப்பேன்."

நார்பர்ட் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான். "பொங்கிச்சே. நீ கத்துக் குடுத்தா பொங்காதே?"

"என் கையில இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டில் அடைச்சது அவ. சர்க்கரக் கணக்குச் சொல்றேன்னேன். அதெல்லாம் எனக்குத் தெரியும்னு பெருமையா சொன்னா. எங்க தெரிஞ்சுக்கிட்டாளோ!"

எங்கே என்று நார்பர்ட்டுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. செப்டம்பரில் ஒரு நாள் டிவியில் ஃபுட்பால் ஆட்டம். ஆர்டிஸ் துணி மடித்துக்கொண்டே, "நார்ப், பாட்டில் அடைக்கறப்ப சர்க்கர எவ்வளவு போடுவ?" என்று கேட்டாள். டிவியை விட்டுக் கண் எடுக்காமல், "முக்கால் கப்" என்றான். "எப்பவுமா?" என்றாள். "எப்பவும். அதத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற?" என்றான். முக்கால் கப் அவனுடைய கொப்பரைக்கு. டெல்மரின் சின்னப் பானையிலோ அந்தக் கொப்பரையில் பாதி பீர்தான் கொள்ளும். எதுக்குக் கேக்கறே, எவ்வளவு பீருக்கு என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். எண்ணத் தெரியாதவன் என்று சபையில் அவன் திட்டியது தன்னைத்தான்.

இதை டெல்மரிடம் அவன் சொல்லவில்லை. அது இன்னொரு வெட்கம்.

"இப்ப என்னடா செய்யட்டும்?"

"என்னக் கேட்டா? பண்ணக்காரன் பொண்டாட்டி காதுல விழாம பேசற நார்பர்ட் ஒருத்தன் இருக்கான். அவனப் போயிக் கேளு."

பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவன் பட்ட பாடு நாய் படாது. எனக்குத் தெரியும் என்று சொன்னால், சொன்னதையெல்லாம் அவள் இன்னொரு தரம் கேட்பதாகிவிடும். சொல்லாமல் இருந்தால் ஒவ்வொரு நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும். நிலவறையில் தேடினான், கார் கொட்டகையில் தேடினான். ஒரு செர்ரி பாட்டிலும் கண்ணில் படவில்லை. கொட்டியிருப்பாள் என்று நினைத்தான். உருளைக்கிழங்கு சாலட் பிரமாதம் என்றான். காபி பிரமாதம் என்றான். ஆர்டிஸ் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லயே."

"அப்புறம் எதுக்கு இப்படி இருக்க?"

சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. "தூக்கம் சரியில்ல" என்றான்.

பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. டெல்மர் வந்தான், லைல் வந்தான், மச்சினன் குடும்பம் வந்தது, பால் ஊற்றுகிற பண்ணைக்காரர்கள் பாதிப் பேர் வந்தார்கள். ஆர்டிஸ் ஒரு சின்னப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தாள். பிரித்தான். புதுக் கம்பளி சாக்ஸ், ஒரு ஜோடி.

"பழசுல ஒண்ணு கற புடிச்சிருச்சு," என்றாள். "அதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். மனைவிமார் கொடுக்கிற பரிசு எப்போதும் சாக்ஸ்தான் என்று லைல் ஏதோ சொல்லி, தானே சிரித்துக்கொண்டான். டெல்மர் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தான். நார்பர்ட்டுக்கு அந்தச் சாக்ஸை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இதுவா தனக்கு வந்திருக்க வேண்டிய பரிசு? வசந்தத்திலிருந்து அவள் உழைத்த பரிசு எங்கே?

ஆர்டிஸ் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து வாசனை வந்தது. வெங்காயம், வெண்ணெய், பிராட் வேகிற கொழுப்பு. மற்றவர்களுக்கு அவ்வளவுதான். நார்பர்ட்டின் மூக்குக்கு அதற்கடியில் இன்னொன்றும் எட்டியது. எழுந்து உள்ளே போனான்.

அடுப்பில் பெரிய பானை. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, கழுவு தொட்டியின் ஓரத்தில் செர்ரி பீரின் காலிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஆர்டிஸ் கடைசிப் பாட்டிலைப் பானைக்கு நேரே பிடித்து, மூடியை நெம்பினாள். சிவப்பு நுரை பீறிட்டு வந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் பிராட்மேல் விழுந்தது. சிந்தவிடாமல் பிடிக்க அதற்குள் பழகியிருந்தாள்.

அவன் நிற்பது தெரிந்து, திரும்பாமலே சொன்னாள்.

"குடிக்கத்தான் லாயக்கில்ல. பிராட்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காய்கறிக் கணக்கு சொல்வது போலச் சொன்னாள். கொட்டின பாலை அள்ள முடியுமா? அத்தனை பாட்டிலும் கொதித்துக்கொண்டிருந்தது.

நார்பர்ட் அலமாரியைத் திறந்து தன்னுடைய டம்ளரை எடுத்தான், சபையில் ருசி பார்க்கிற அதே டம்ளரை. பானைக்குள் விட்டு முகந்தான். விரல் சுட்டது. அதற்குள் வாசனை பிடித்து லைலும் டெல்மரும் மற்ற சிலரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"டேய், டேய்! பீரு அங்க ஐஸ் பெட்டியில இருக்குடா!" என்றான் லைல்.

டம்ளரில் கொழுப்பு மிதந்தது. வெங்காயச் சுருள் ஒன்று மிதந்தது. ஊதி ஊதிக் குடித்தான். முதலில் உப்பு, அப்புறம் கொழுப்பு. அதையும் தாண்டி நாக்கின் ஓரத்தில் செர்ரியின் மெல்லிய புளிப்பு, லேசான மால்ட் தானிய வாசனை, கசப்பே இல்லாத ஒரு சுத்தம். கெட்ட வாடை எங்கும் இல்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் கொதிநீர் விட்டுக் கழுவிக் கழுவிக் காய்ச்சியிருக்கிறாள். சர்க்கரை ஒன்றைத் தவிர அதில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கே இதெல்லாம் அந்த டம்ளரில் இருந்தது. அவன்தான் சிரிப்பு எங்கே வரும் என்று தேடிக்கொண்டிருந்தான்.

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"இது யாரோடது?" என்றான்.

லைல் சிரிக்க ஆரம்பித்தான். டெல்மர் அவன் தோளைப் பிடித்து அழுத்தியதும் நிறுத்திக்கொண்டான். அப்புறம்தான் அவனுக்கும் விளங்கியது போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஆர்டிஸ் பானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை தூக்கவில்லை. "என்னோடது," என்றாள்.

"நல்லா காய்ச்சியிருக்க." வாசலில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படிதான் சொன்னான். "ரொம்ப சுத்தமா காய்ச்சியிருக்க. சர்க்கரதான் கூடிப்போச்சு. அதுவும் உன் தப்பில்ல, ஆர்டிஸ். நான் சொன்ன கணக்கு அது. எவ்வளவு பீருக்குன்னு கேக்காம சொன்னேன்."

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா? எப்பருந்து?"

"நீ அன்னைக்கு ரெண்டு மடங்கு சர்க்கரைன்னு கத்தினியே, அப்பவே." அவள் கரண்டியால் பிராட்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். "கை தூக்கியிருந்தா, சர்க்கரக் கணக்கு யார் சொன்னதுன்னு டெல்மர் கேட்டிருப்பான். அத்தன பேர் நடுவுல உன் பேரச் சொல்லணும். பாவம், உன் மானம் போயிருக்கும்."

அடுப்பைத் தணித்தாள்.

"தட்ட எடு நார்ப். எல்லாரும் பசியோட நிக்கிறாங்க."

நார்பர்ட் தட்டுகளை எடுத்து வந்து அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினான். எல்லாரும் வாங்கிக்கொண்டு போகும்வரை அவன் தலை நிமிரவில்லை.